மூணு க்ளிக்

– அஞ்சு குண்டும் கீழ. ஏளா ஹில்டா, அட்டையப் பாத்தியா? ஒண்ணாவது நடுவத் தொட்டிருக்கா? ஆலந்தலையில இருந்து விடியக்காலம் பஸ் ஏறி வந்தது இதுக்குத்தானா?

– அண்ணாச்சி, அஞ்சும் ஒரே எடத்துல கெடக்கு. ஒரு பத்து ரூவாத் துட்ட வச்சா மறைஞ்சிரும். கை ஆடுனா இப்படி விழாது. துப்பாக்கிதான் கீழ அடிக்கி.

– துப்பாக்கி கீழ அடிக்கோ. இந்தக் கிளப்புக்கு நான் பன்னெண்டு வருசமா செயலாளர். கிளப்புக்கு இருக்கது இந்த ஒரு பிஸ்டல். நேத்து சாயங்காலம் நானே சுட்டேன், கச்சிதமா நடுவுல போயி உக்காந்துச்சு.

– சாயங்காலம் வெயில் இல்லையே.

– ஆமா, பொம்பளையளுக்கு மட்டும் வெயிலு வந்து கையப் புடிச்சு இழுக்கும். மீன் வெட்டுத கை, கீழதான போவும்.

– மீன் வெட்டுத கை ஆடுனா வெரலு போயிரும் அண்ணாச்சி. எனக்குப் பத்தும் இருக்கு. குறி பாக்குத பின் சைட்ட மூணு க்ளிக் திருவி ஏத்தி விடுங்க. அது ஏறுனா குண்டும் மேல ஏறும். ஸ்குரூ டிரைவர் உங்க சட்டப் பையிலதான இருக்கு.

– அது பையிலயே இருக்கும். வாரவ போறவளுக்கெல்லாம் திருவிக் குடுக்க இது என்ன தையல் மிசினா?

– இது சோதனைக் குண்டு, போவட்டும். இனி பத்துக் குண்டுதான் கணக்கு. மாநிலப் போட்டிக்கு நம்ம கிளப்புல ஒரே ஒரு எடம். நானும் உங்க மருமவனும்தான் மிச்சம். அங்க போயிட்டு வந்தாத்தான் போலீஸ் கோட்டாவுல எழுதிப் போட முடியும், அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும். உங்களுக்கு ஒரு நிமிச வேல.

– வயசு தாண்டுனா எவனையாவது கட்டிக்கிட்டுப் போ. உனக்கெல்லாம் சலாம் போடணும்னு எங்க தலையில எழுதியிருக்கா?

– சரி, ஒண்ணு கேக்கேன். போன வாரம் நான் குழல் நுனியில இருக்க முன் சைட்டுல கரி பூசி வச்சிருந்தேன். அது எங்க?

– அந்த அழுக்கா? நாந்தான் காலையில தொடச்சேன். எண்ணெ போட்டுப் பளபளன்னு வச்சிருக்கேன். கிளப் சாமானத்த உங்க வீட்டு அடுப்பங்கரைன்னு நெனச்சிட்டியோ.

– அதான பாத்தேன். எதுக்க உங்க உப்பளத்துல குவிச்சிருக்க உப்பப் பாருங்க. பதினோரு மணி வெயிலு அதுல பட்டு இங்கன தெறிக்கி. முன் சைட்டு நுனி மினுங்குனா, இருக்கத விட ஒசரமாத் தெரியும். ஒசரமாத் தெரிஞ்சா நம்மள அறியாமக் கைய எறக்கிருவோம். குண்டு கீழ போயிரும். கரி பூசுனா மினுங்காது, அம்புட்டுத்தான்.

– ஏ அப்பா. கடலுக்குப் போறவன் மவ உப்பளக்காரனுக்கு வெயிலப் பத்திப் பாடம் எடுக்கா. மூணு தலமொறையா உப்பு விக்கித குடும்பம்ளா எங்களுது.

– விக்கிதவங்க நெழல்லதான உக்காருவாங்க. ஸ்குரூ டிரைவர் வேண்டாம், தீப்பெட்டி இருந்தாக் குடுங்க. மாதா கோயில்ல ஏத்துன மெழுகுவர்த்தியில ஒரு துண்டு பையில கெடக்கு. அதுல கரி புடிச்சுக்கிடுதேன்.

– இந்தா புடி. துப்பாக்கிக்கு மெழுகுவர்த்தி ஏத்தி நேர்ச்ச வைக்காளாம். இந்தக் கூத்தையும் பாத்துட்டுப் போவோம்.

– போதும், கருத்துட்டு. தள்ளி நில்லுங்க, பத்தையும் சுட்டுருதேன்.

– ம்.

– முடிஞ்சுது. இந்தாங்க அட்ட, நீங்களே கூட்டுங்க. நான் கூட்டுனா நம்ப மாட்டிய.

– தொண்ணூத்தொண்ணு. குருட்டாம்போக்குல விழுந்திருக்கு.

– விழுந்ததா வச்சுக்கிடுங்க. துப்பாக்கி இப்பம் சரியா நிக்கி. உங்க மருமவன் சிவப்பிரகாஷுக்கும் இப்படியே குடுங்க. எதையும் தொடாதிய.

– உங்கிட்ட யோசன கேட்டேனா? நீ அந்தத் தண்ணி கேன்கிட்ட போயி நில்லு. ஏல சிவப்பிரகாஷ், வா. துப்பாக்கி எல்லாம் நான் பாத்து வச்சுட்டேன்.

– மாமா, மொதல்ல அஞ்சு சோதனைக் குண்டு சுட்டுக்கிடட்டுமா?

– என் மருமவனுக்குச் சோதன எதுக்குல? அதெல்லாம் கை நடுங்குத ஆளுவளுக்கு. நேரா கணக்குக் குண்டச் சுடு. அவ பாக்கட்டும்.

– சரி மாமா.

– எங்கல அட்ட? எத்தன, தொண்ணூத்தி அஞ்சா?

– எழுவத்தெட்டு மாமா. பத்தும் மேல போயிட்டு. நான் சரியாத்தான் புடிச்சேன், சத்தியமா.

– இருக்காது. ஏளா, துப்பாக்கிய என்னளா பண்ணுன?

– நீங்க நிக்கச் சொன்ன எடத்துலதான நின்னேன். அங்கன இருந்து பாத்தா, பையில இருந்து ஸ்குரூ டிரைவர் வெளிய வந்தது நல்லாத் தெரிஞ்சுது. வாயத் தொறந்தேன், பேசாதன்னு கையக் காட்டிட்டிய. எத்தன க்ளிக் ஏத்துனிய?

– நீதானளா மூணுன்ன. கீழ அடிக்கின்னியே.

– அப்பம் என் கைதான கீழ போச்சு, துப்பாக்கி யோக்கியமாத்தான இருந்துச்சு? கரி பூசுன பெறவு கையும் சரியாயிட்டு. அதுக்கு மேல மூணு ஏத்துனா எங்க போவும்?

– மாமா, நீங்களா திருவுனிய?

– நீ சும்மா கெடல.

– சிவப்பிரகாஷ், உன் அட்டைய இங்க கொண்டா. என் அட்டைக்கு மேல வச்சு, மூணு வெரக்கட கீழ எறக்கிப் பாரு. பாத்தியளா அண்ணாச்சி, பத்தும் நட்ட நடுவுல. என்னய விட நல்லாச் சுட்டிருக்கான் உங்க மருமவன். அவனத் தோக்கடிச்சது நான் இல்ல.