யோசிக்கும் வண்டி

எனக்குச் சத்தம் ஆகாது, சார். ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும். என் தங்கைகூடக் கேலி செய்வாள். ஆனால் குக்கர் விசிலடித்தாலே எனக்குத் தூக்கிவாரிப் போடும். அதனாலோ என்னவோ, வண்டியை அதிகம் கத்தவிடாமல் வேகமாக ஓட வைப்பதில் எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. நீங்கள் கேட்டதை இங்கிருந்தே தொடங்குகிறேன்.

டர்போ என்பது பெரிய மாயமில்லை. என்ஜின் துப்பும் புகையை வீணாக்காமல், அதைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, உள்ளே கூடுதலாகக் காற்றைத் திணிக்கும். கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் பெரிதாக இருப்பதைத்தான் கை காட்டுவார்கள். நான் சின்னதை எடுத்துக் கையில் கொடுப்பேன். சின்னச் சக்கரம் மிதித்தவுடன் சுழலும். பெரியது அப்படியல்ல. மிதித்தால் முதலில் ஒன்றுமே நடக்காது. புகை சேர்ந்து தள்ளும்வரை வண்டி சும்மா போகும். பிறகு மொத்த விசையும் ஒரேயடியாக வந்து இறங்கும்.

அந்த இடைவெளிக்கு எங்கள் பட்டறையில் யோசனை என்று பெயர். ‘இந்த வண்டி யோசிக்கும்’ என்றால் ஓட்டுகிறவன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். பெயர் வைத்தவள் என் தங்கை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளை நான்தான் வளர்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு நேராகப் பட்டறைக்கு வந்து, டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒருநாள் நான் வண்டியை மிதித்துவிட்டுக் காத்திருந்ததைப் பார்த்து, “என்னண்ணா, வண்டி யோசிக்குதா?” என்றாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது.

அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்து என் வீட்டு மாடியிலேயே குடிவைத்தேன். மாப்பிள்ளை நல்லவர். ஒருநாளும் அவளை அதட்டிப் பேசியதில்லை. நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவரிடம் இருந்த ஒரே குறை வேகம். சாயங்காலமானால் அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வரும்வரை நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருப்பேன். அவள் தலையெல்லாம் கலைந்து, சிரித்துக்கொண்டே இறங்குவாள். சிலர் அப்படித்தான், பயந்தால் சிரிப்பார்கள். அவளுக்கே அது தெரியாது. வளர்த்த எனக்குத் தெரியும்.

பிறகு மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அவள் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அதைச் சொன்னாள்.

“அண்ணா, நீங்க தனியா சமாளிச்சிடுவீங்கல்ல?”

எனக்கென்ன, நான் இருந்துவிடுவேன் என்றேன். அன்று முதல் தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். பகலில்கூட மாடிப்படியைப் பார்க்காமல்தான் நடப்பேன். மேலே யாருமே நடக்காத வீட்டை நினைத்துப் பாருங்கள், சார். நான் எனக்காகப் பயப்படவில்லை. என் கண் முன்னால் இருக்கும்போதே இப்படி ஓட்டுகிற மனிதர், கேட்க ஆளில்லாத ஊரில் அவளை எங்கே கொண்டுபோய் மோதுவாரோ என்றுதான் பயந்தேன்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை தானாகவே பட்டறைக்கு வந்தார். ஊரை விட்டுப் போவதற்குள் என் கையால் ஒரு டர்போ மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார். வேறு யாரையும் நம்பமாட்டாராம். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றை மேஜைமேல் வைத்தேன். அவர் பெரியதைத் தடவிப் பார்த்தார், குழந்தை பொம்மையைத் தடவுகிற மாதிரி.

“மச்சான், தினசரி ஓட்டுறதுக்கு இது சரியா வருமா? உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சின்னதுன்னு சொன்னா சின்னதே போடுங்க.”

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். அன்று மட்டும் வாய் வேறு சொன்னது.

“உங்க கைக்குப் பெரிசுதான் மாப்பிள்ளை லாயக்கு.”

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. அவர் மனம் கோணாமல் நடந்துகொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

வேலையில் குறை வைக்கவில்லை. ஒரு நட்டுகூடத் தளர்வாக இருக்காது, உங்கள் ஆட்களும் கழற்றிப் பார்த்திருப்பார்கள். பின்சக்கரங்களை என்ஜின் சுழற்றுகிற வண்டி அது; வளைவில் விசை திடீரென்று வந்தால் பின்பக்கம் வழுக்கும். டயர் தேய்ந்திருந்தது. ஊர் மாறும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றேன். டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை வழக்கமாக வைப்பதைவிடக் கொஞ்சம் தூக்கி வைத்தேன். இன்னொரு வழக்கமும் உண்டு. பெரியது மாட்டிய வண்டி எதுவானாலும் முதல் ஓட்டத்தில் நான் பக்கத்தில் உட்காருவேன். நேரான சாலையில் மிதிக்கச் சொல்லி, இப்போது யோசிக்கிறது, இதோ வருகிறது என்று காட்டிக்கொடுப்பேன். ஓட்டுகிறவன் காலுக்கு அது பழகும்வரை வண்டியைக் கொடுக்கமாட்டேன். அன்று எனக்கு இடுப்பு வலி. அப்படித்தான் சொன்னேன்.

பாலத்துக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறது, நீங்கள் பார்த்த அதேதான். அதில் பாதி திரும்பும்போதே அழுத்தி மிதிப்பது மாப்பிள்ளையின் பழக்கம். மிதித்து ஒன்றும் வராவிட்டால் மனிதன் என்ன செய்வான்? இன்னும் மிதிப்பான். மழை என் ஏற்பாடல்ல. அது தானாகப் பெய்தது.

தங்கையும் கூடப் போகக் கிளம்பினாள். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். தலை சுற்றுகிறது, ஒரு வாய் காபி போட்டுக் கொடு என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். பாருங்கள், நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று.

பட்டறை வாசலில் நின்று கேட்டேன். வண்டி இறக்கத்தில் போனது. பிறகு என்ஜின் சத்தம் அடங்கியது போல இருந்தது. யோசிக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. கூப்பிட்டுவிடலாமா என்றுகூட வாயைத் திறந்தேன். அப்போது டர்போவின் விசில் கிளம்பிவிட்டது. மிதியை விட்டால் டர்போ பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வரும். அது வரும் என்று காத்திருந்தேன். வேறு சத்தம்தான் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு அவள் கீழே இறங்கி வந்தாள். அழவில்லை.

“அண்ணா, அந்த வண்டி யோசிக்கும்னு அவர்கிட்ட சொன்னீங்களா?”

நான் அவளைப் பொய் சொல்லி வளர்க்கவில்லை. இல்லை என்றேன். வேண்டுமென்றுதான் சொல்லாமல் விட்டேன், நீ பயப்படாமல் இருக்க வேண்டும் என்றுதான் எல்லாமே செய்தேன் என்று நிதானமாக விளக்கினேன். அவள் பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டாள். உங்களுக்கு ஃபோன் செய்தது அவளாகத்தான் இருக்கும். அதிலும் எனக்கு வருத்தமில்லை.

சீக்கிரம் முடித்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவேன், சார். அவளுக்கு அந்த விபத்தின் அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறாள். அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, கூப்பிட்டாலும் திறப்பதில்லை. அப்படித் தனியாக அடைந்து கிடந்தால் பயம் கூடத்தானே செய்யும்? அதனால் இன்று காலை அவள் குளிக்கப் போனபோது தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டேன். இதோ, சட்டைப் பையில்தான் இருக்கிறது.