அச்சில் இருந்தால்தான் சான்று

மேடையில் வீற்றிருக்கும் தலைமைப் பதிப்பாசிரியர் லேங்டன் அவர்களே, அச்சகத்தாரே, அகராதிக் கூடத்தில் என்னோடு தூசி தின்ற தோழர்களே, வடக்கு மலையிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆக்னஸ் டைசன் அம்மையாரே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

சொல்லாய்வுச் செம்மல் ஒலிவ் ஹெஸ்கெத் மறைந்தார்! இருபத்தாறு ஆண்டுகள் நம் ஆங்கில அகராதிக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட ஹெஸ்கெத் மறைந்தார்! எனக்கு முன் பேசியவர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். இருந்தபோது அவருக்கு ஒரு நாற்காலி கொடுக்காத நாம், இறந்தபின் மேடை போட்டிருக்கிறோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

'சில்லி' என்றொரு சொல். குழந்தையைக் கொஞ்சவும் ஆளை மட்டம் தட்டவும் நாள்தோறும் சொல்கிறோம். அசடு, அற்பம், இவைதான் நாம் அறிந்த பொருள். ஹெஸ்கெத் அதன் வேர்வரை தோண்டினார். ஆதியில் அதற்குப் 'பேறுபெற்ற' என்று பொருள். பேறுபெற்றவர் சூதறியாதவர் ஆனார், சூதறியாதவர் இரங்கத்தக்கவர் ஆனார், பிறகு நலிந்தவர், கடைசியில் அசடர். நல்லவனை நாலே படியில் முட்டாளாக்கிவிட்டோம்! இது சொல்லின் வரலாறா, நம்முடைய வரலாறா?

'நலிந்த' என்ற பொருளுக்கு முன்னால் நம் அகராதி குத்துவாள் குறி போட்டிருந்தது. வழக்கொழிந்தது, செத்தது என்று அர்த்தம். விடுமுறைக்கு மலைப்பக்கம் போன ஹெஸ்கெத்திடம், டைசன் அம்மையார் அன்று பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"ரொம்ப சில்லியா இருக்கும்மா இது. பால் குடிக்கக்கூட தெம்பில்ல. பொழைக்குமான்னு தெரியல."

ஹெஸ்கெத் ஓடிவந்தார். "சார், அந்தப் பொருள் சாகல. என் காதால கேட்டேன்!"

லேங்டன் அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காதெல்லாம் சான்றாகாதும்மா. அச்சுல கொண்டு வாங்க, பாப்போம்."

இரண்டு ஆண்டுகள் தேடினார். ஆடு வளர்ப்பவர்களின் பேச்சை யார் அச்சிட்டு வைத்தார்கள்? கடைசியில், குட்டியைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதும்படி டைசன் அம்மையாரிடமே சொன்னார். கடிதம் அச்சானது. அந்த வரியை எழுதிய சான்றுச் சீட்டு அகராதிக் கோப்பில் ஏறியது. சீட்டுகளைச் சரிபார்ப்பது என் வேலை. எனக்குச் சந்தேகம் வந்தது. அம்மையாருக்கு எழுதிக் கேட்டேன். அவருக்குப் பொய் வராது. "ஆமா, ஒலிவ்தான் எழுதச் சொன்னா. ஏன், தப்பா?" என்று பதில் வந்தது.

தப்புத்தான் என்று லேங்டன் அவர்களிடம் போய்ச் சொன்னேன் நான். சொல்லி வாங்கிய சான்று சான்றல்ல என்பது நம் தொழிலின் முதல் விதி. விதியைக் காப்பாற்றினேன், ஹெஸ்கெத்தைக் காப்பாற்றவில்லை. மறுவாரமே அவரை வெளியேற்றினார்கள். போகும்போது என் மேசையருகே நின்றார்.

"பெல்லமி, நீங்க செஞ்சது சரிதான். ஆனா அந்தக் குறிய மட்டும் எடுத்துடுங்க."

எடுத்தேனா? ஒன்பது ஆண்டுகள், நண்பர்களே! என் நாற்காலிக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. நாளைக் காலை புதிய பதிப்பில் அந்தப் பக்கம் அச்சேறுகிறது, அதே குத்துவாளோடு.

உங்கள் கையில் இருக்கும் இரங்கல் மலரைப் பாருங்கள். நம் சொந்த அச்சகத்தில், தலைமைப் பதிப்பாசிரியரின் ஒப்புதலோடு அச்சிட்டது. ஒப்புதல் கொடுத்தவர் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஏழாம் பக்கத்தில் டைசன் அம்மையாரின் அஞ்சலி இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதியதல்ல.

"கடைசி மாசம் ஒலிவ் ரொம்ப சில்லியாயிட்டா. ஸ்பூன நாந்தான் பிடிச்சு ஊட்டுனேன்."

லேங்டன் அவர்களே, நீங்கள் கேட்ட அச்சு இதோ. இதற்கு அவர் சாக வேண்டியிருந்தது! மலரின் பெயர், நாள், பக்கம் எல்லாம் எழுதிச் சீட்டைத் தயாராகக் கொண்டுவந்திருக்கிறேன். ஹெஸ்கெத்தின் பணியைத் தொடர்வோம் என்று சற்றுமுன் இதே மேடையில் உறுதி சொன்னீர்கள். பேனாவும் தருகிறேன். டைசன் அம்மையார் பார்த்துக்கொண்டிருக்கிறார். கையெழுத்துப் போடுங்கள்.