தட்டாமல் விட்ட முதுகு

மூன்றாம் ஜாமம் பாதி கழிந்திருந்தது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே மணல் பாதை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி. நடுவில் தாழம்புதர்... அதைத் தாண்டி ஒற்றைப் பனை. அந்தப் பனையடியில் தேசப்பன் காத்திருந்தான். நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தான். ஓட்டக்காரன் கால் ஆறக் கூடாது.

தேசப்பன் யாரோ எவரோ இல்லை. இந்தத் தோணிக்காரர் ராஜவேலுவுக்குப் பெரியப்பா. பொய்யென்றால் அவரையே கேட்டுக்கொள்ளுங்கள். கடல் வெள்ளம் கழிக்குள் ஏறினால்தான் தோணி மணல்திட்டைத் தாண்டும், அதற்கு இன்னும் இரண்டு நாழிகை இருக்கிறது. நெருங்கி உட்காருங்கள். சத்தம் வேண்டாம்... தோணி முனையில் ஒருவர் தூங்குகிறார்.

தேசப்பன் ஒல்லாந்தர் கோட்டையின் அஞ்சல்காரன். சென்னப்பட்டினத்திலிருந்து பழவேற்காடு வரை நாலு பேர், நாலு கூறு. மாலையில் கிளம்புகிற தோல்பை விடிவதற்குள் கோட்டை வாசலில் இருக்க வேண்டும். கடைசிக் கூறு தேசப்பனுடையது. அவனுக்கு முந்தியது நாகப்பனுடையது.

அவர்களுக்கு ஒரு முறை உண்டு. பை நிற்கக் கூடாது. வருகிறவன் ஓடிக்கொண்டே வருவான். வாங்குகிறவன் கூடவே ஓடுவான், தோளோடு தோள். பை தோள் மாறும். வாங்கியவன் வந்தவன் முதுகில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவான். அந்தத் தட்டு விழுந்த பிறகுதான் வந்தவன் கால் நிற்கலாம். பேச்சு கிடையாது. மூச்சு வீண்.

ஒருமுறை தேசப்பன் தட்ட மறந்துபோனான். நாகப்பன் விடவில்லை. அரைக் காதம் கூடவே ஓடி வந்தான். மூச்சு வாங்கித் திரும்பிய தேசப்பனிடம் பல்லைக் காட்டினான். “நீ தட்டலையே மாமா. நான் இன்னா பண்ணட்டும்? கோட்டைக்கே வந்து கஞ்சி குடிச்சிட்டுப் போறேன்.”

அதை வைத்து ஒரு மாதம் சிரித்தார்கள்.

அன்றைய ராத்திரி சிரிப்பதற்கு இல்லை. தேசப்பனின் தம்பி சடையன் கோட்டைக் கிடங்கில் எட்டு நாளாக விலங்கில் கிடந்தான். கழியில் குனிந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தவனை அடிமைத் தரகன் ஒருவன் ஆள் வைத்துப் பிடித்தான். முந்தின கப்பலில் ஏற்றும்போது தப்பிய அடிமை இவன்தான் என்றான். இல்லை என்று சொல்ல கிராமமே வந்தது. கிடங்குக்காரன் கேட்கவில்லை. பெரிய துரை கையெழுத்து வேண்டும் என்றான். பெரிய துரையோ வேலையாகச் சென்னப்பட்டினம் போயிருந்தார். சடையன் பெண்சாதி முனியம்மாள் அங்கே நடந்தே போய்த் துரை வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தாள். அன்று காலையில் கையெழுத்து விழுந்துவிட்டதென்று சாயங்காலம் படகில் வந்த ஆள் சொன்னான். ஓலை அன்றைய பையில் வருகிறது.

கப்பல் வெளியே நங்கூரத்தில் நின்றது. வெள்ளி முளைத்ததும் கிடங்கு ஆட்களைப் படகில் ஏற்றுவார்கள். ஏற்றிவிட்டால் தீர்ந்தது. அந்தக் கப்பலில் போன யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

தேசப்பன் வானத்தைப் பார்த்தான். நாகப்பன் வந்திருக்க வேண்டிய நேரம் போய்விட்டது. காதைத் தெற்கே வைத்தான். நாகப்பனின் தடியில் ஏழு சலங்கை. காற்று சரியாக இருந்தால் கூப்பிடு தூரத்துக்கு அப்பாலேயே கேட்கும்.

அலை... தாழையில் காற்று... வேறொன்றுமில்லை.

அப்புறம் கேட்டது. சலங்கை இல்லை.

ணக்... ணக்... ணக்...

இரும்பு. அளந்து வைத்தாற்போல் ஒரே கதி. நாகப்பனின் காலடி நீளம். இது குட்டைக் காலடி. எட்டி வைக்கப் பார்த்து எட்டாமல் நிற்கிற காலடி.

தடி உடைஞ்சிருக்கும், தேசப்பன் நினைத்தான். கால்ல இன்னாவோ மாட்டிகிச்சு. நினைக்க அவ்வளவுதான் நேரம். இருட்டில் ஓர் உருவம் பனையைத் தாண்டியது. தேசப்பன் அதன் பக்கத்தில் சேர்ந்து ஓடினான். தோளோடு தோள்.

முதலில் வாசனை வந்தது. ஈரச் சுண்ணாம்பு. துரு. அழுகிய வைக்கோல். மூன்று நாள் முன்னால், கம்பி வழியாகத் தம்பிக்குச் சோற்று உருண்டை நீட்டியபோது தன் முகத்தில் அடித்ததும் இதே வாசனைதான்.

பை தோள் மாறியது. வார் சில்லென்று நனைந்திருந்தது.

இப்போது தட்ட வேண்டும். கையைத் தூக்கினான். பக்கத்தில் ஓடுகிறவனிடமிருந்து மூச்சுச் சத்தமே வரவில்லை. இவ்வளவு தூரம் ஓடி வந்தவன்... ஒரு மூச்சுகூட இல்லை.

கை இறங்கிவிட்டது. தேசப்பன் தட்டவில்லை.

ஓடினான். ணக், ணக் என்று அதுவும் கூடவே ஓடியது. நாற்பது அடி. நானூறு அடி. திரும்பிப் பார்க்கக் கழுத்து வளையவில்லை. வேகத்தைக் கூட்டினான், அதுவும் கூட்டியது. நடுவே ஓர் ஓடை, முழங்கால் தண்ணீர். அடியில் சிப்பி ஓடுகள் கத்திபோல் நிமிர்ந்து நிற்கும். தேசப்பன் பழக்கப்பட்ட தடத்தில் வளைந்து போனான். அது வளையவில்லை. சிப்பியின் மேலேயே நேராகப் போனது. ஓடு நொறுங்குகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

கோட்டை விளக்கு தெரிந்ததும் பக்கத்துச் சத்தம் முந்தியது. அவனுக்கு முன்னால் அகழிப் பக்கம் போய்த் தேய்ந்தது.

வெள்ளி இன்னும் முளைக்கவில்லை. காவல்காரன் பையை வாங்கினான். ஓலை படிக்கப்பட்டது. கிடங்குக் கதவு திறந்தது.

“அதுவா உன் தம்பி? நல்ல ஆளு போ,” என்றான் காவல்காரன். “ராத்திரி பூரா எங்களைத் தூங்க விடலை. படுத்த வாக்கிலயே காலை உதைச்சிகினு, நாய் மாதிரி மூச்சு வாங்கிகினு... எழுப்பினா எழுந்திரிக்கவும் இல்லை.”

விளக்கைக் கீழே பிடித்தான். சடையன் காய்ந்த தரையில் கிடந்தான். கணுக்காலில் விலங்கு, விலங்கில் பூட்டு. பூட்டில் கீறல்கூட இல்லை.

முழங்கால் வரை கழியின் கருஞ்சேறு. ஈரம் உலரவில்லை. இரண்டு உள்ளங்காலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிழிந்திருந்தன. இடது குதிகாலில் ஒரு சிப்பித் துண்டு ஏறி நின்றது.

காவல்காரன் விளக்கைத் தூக்கிக்கொண்டான்.

வெயில் ஏறியபோது நாகப்பன் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“இன்னா மாமா, சொல்லாம கொள்ளாம எதிர்ல வந்துட்ட? நல்லவேளை வந்த. பாதி வழியில நரம்பு பிடிச்சிகிச்சு. தவழ்ந்துகினு இருந்தேன். நீ மட்டும் வரலைன்னா தம்பி கதி...”

“நான் எங்கடா வந்தேன்?”

“பையை வாங்கினியே. முதுகுல தட்டினியே! கை இன்னாத்துக்கு அவ்ளோ சில்லுனு இருந்திச்சு?”

தேசப்பன் அவனைத் திருப்பி நிறுத்தினான். நாகப்பனின் முதுகில் ஐந்து விரலும் உள்ளங்கையுமாக ஒரு தடம் பதிந்திருந்தது. செம்பழுப்பு. துரு. மூன்று நாள் தேய்த்துக் குளித்தும் அது போகவில்லை.

சடையனுக்கு எதுவும் தெரியவில்லை. கேட்டால், “தூங்கினேன், கால் வலிக்குது” என்றான். நன்றாகச் சாப்பிட்டான். முனியம்மாள் திரும்பி வந்தபோது குழந்தைபோல் அழுதான். வீட்டில் விளக்கு எரிந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

மூன்றாம் ராத்திரி, அதே ஜாமம். குடிசைக்கு வெளியே...

ணக்... ணக்... ணக்...

கழிக்கரையோடு போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது. முனியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். அன்று அஞ்சல் இல்லை; தேசப்பனும் அங்கே விழித்துக்கொண்டுதான் கிடந்தான். நடந்ததை அவளிடம் அப்போதுதான் சொன்னான். கை எழவில்லை, தட்டாமல் ஓடிவிட்டேன் என்றான்.

“அப்ப அது எப்படி நிக்கும்?” என்றாள் முனியம்மாள். “உங்க முறை உங்களுக்குத் தெரியாதா? போய்த் தட்டிட்டு வாங்க மாமா. பாவம், ஓடிகினே கீது.”

தேசப்பன் வெளியே போனான். வளர்பிறை நிலா மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. ஈர மணலில் காலடி மட்டும் ஒவ்வொன்றாக விழுந்து, தண்ணீர் நிரம்பி, அவனை நோக்கி வந்தது. பக்கத்தில் வந்ததும் அவனும் சேர்ந்து ஓடினான். முறை அதுதானே. அதே வாசனை. இந்த முறை கை எழுந்தது. உள்ளங்கையில் குளிர் ஏறியது. இன்னும் நாலு விரற்கடைதான்.

அப்போது காலடி குடிசைக்குப் பக்கத்து ஓடைக்குள் இறங்கியது. ஒரு கணம் சத்தம் அறுந்தது.

“மாமா!” குடிசையிலிருந்து முனியம்மாள் அலறினாள். “மூச்சு நின்னுபோச்சு மாமா! இவருக்கு மூச்சு...”

காலடி அக்கரையில் ஏறியது. ணக்.

“...வந்துடிச்சி,” என்றாள் அவள்.

அது நின்றால் தம்பி மூச்சும் நிற்கும். தேசப்பன் கையை இறக்கி மார்போடு கட்டிக்கொண்டான். கோட்டை வேலையை மறுநாளே விட்டான். அதன் பிறகு, அந்தத் தட்டு தவறியும் விழக் கூடாதென்று, அந்த வீட்டில் சடையன் முதுகை யாரும் தொட்டதில்லை. கல்யாணத்தில் கட்டிப்பிடிக்க வருகிறவர்களை முனியம்மாள் நடுவில் புகுந்து தடுப்பாள். பேரப்பிள்ளைகள் முதுகில் ஏறினால் அடி விழும். காரணம் தெரியாதவர்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்பாள்.

தேசப்பன் போய் ஏழு வருஷம் ஆகிறது. முனியம்மாளும் போய்விட்டாள். சடையன் இருக்கிறார்.

இந்தத் தோணியில்தான் இருக்கிறார். ராஜவேலுவைப் பெற்ற நைனா. முனையில் தூங்குகிறவர்.

தண்ணீர் தோணியின் விலாவில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. முனையில் கிழவரின் குதிகால் பலகையில் இடித்தது. ஒன்று... இன்னொன்று... மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒருக்களித்துக் கிடந்தவரின் போர்வை நழுவி, முதுகு வெறுமையாகக் குளிரில் கிடந்தது. போர்த்திவிட யாரும் கை நீட்டவில்லை.

தெற்கே, கரையோரம், அது கேட்டது. கிழவரின் குதிகால் இடிக்கிற அதே கதியில். நெருங்கியது. தோணிக்கு நேராக வந்தது. தாண்டிப் போகவில்லை. நிற்கவும் இல்லை. அங்கேயே, ஈர மணலில், கால் மாற்றி மாற்றி... காத்துக்கொண்டிருக்கிற ஓட்டக்காரனைப்போல.

ராஜவேலு தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.