அதிகம் பராமரிப்பு தேவையில்லாத தொட்டி

டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நான் மட்டும் போகவில்லை. மீன்தொட்டியின் கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரை உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர்க் கையோடு மின்சாரச் சாமான் எதையும் தொடக் கூடாது. துண்டை எடுத்து, விரல் இடுக்கெல்லாம் நன்றாகத் துடைத்துக்கொண்டேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார். பின்னால் தேவைப்படும்.

விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். என் மைத்துனனும் அதையே சொன்னான். அக்காவைப் பறிகொடுத்தவன், என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பதட்டத்துல யாருக்கும் கை மாறும் மாமா, விடுங்க" என்றான். எனக்கு அன்று பதட்டம் எதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஆட்கள் உள்ளே கத்திக்கொண்டிருக்கும்போது, எந்த வயரைத் தொட வேண்டுமோ அதை மட்டும் தொடுகிறவன். என் தொழிலில் பழுது பார்ப்பது கொஞ்சம்தான். பராமரிப்புதான் அதிகம். எண்ணெய் விடு, தேய்ந்ததை மாற்று, மறுபடி எண்ணெய் விடு. வீட்டுக்கு வந்தாலும் அதே வேலை. மனைவிக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிற நோய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். அதன் வடிகட்டியைக் கழுவ வேண்டும், தண்ணீரை மாற்ற வேண்டும். அவளைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், துடைத்துவிட வேண்டும். நான் முகம் சுளித்தது கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

அவளும் நல்லவள்தான். ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தாலும் "உங்களுக்குச் சிரமம்" என்பாள். கேட்டுக் கேட்டுத்தான் அது சிரமம் என்றே எனக்குத் தெரிய வந்தது.

தொட்டி அவளுக்காக வைத்தது. கட்டிலில் படுத்தால் ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டுச் சுவர் மட்டும். "கலரா ஏதாவது பாக்கணும் போல இருக்குங்க" என்றாள். மீன் கடைக்காரரிடம் போய், வீட்டில் நோயாளி இருக்கிறாள், பவளத்தொட்டி வேண்டும், கலராக இருக்க வேண்டும், ஆனால் பராமரிப்பு கேட்டு என் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்றேன். அவர் விஷயம் தெரிந்தவர். கல்லாக வளரும் பவளம் வேண்டாம், தண்ணீர் லேசாக மாறினாலே வெளுத்துச் செத்துவிடும் என்றார். காளான் மாதிரி விரிவது, பொத்தான் பொத்தானாகப் பூப்பது, பச்சைப் புல் போல ஆடுவது, இவையெல்லாம் மென்பவளம். நாலு நாள் கவனிக்காவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. தொட்டியைப் பெரிதாக எடு, மீனைக் குறைவாக விடு என்றார். பாசிக்கு நத்தை, மிச்சம் மீதிக்கு ஒரு இறால். ஆவியாகிற தண்ணீரை நிரப்ப ஒரு கருவி. நானே குழாய் போட்டேன், நானே வயர் இழுத்தேன். அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொள்ளும் ஒரு குடும்பத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். சதா எல்லோரையும் குத்திக் குடைந்துகொண்டிருந்த இறாலுக்கு மாமியார் என்று பெயர் வைத்தாள். கோமாளி மீன் ஜோடியில் பெண்தான் பெரியது. ஆண் அதன் பின்னாலேயே சுற்றும். "அந்தச் சின்னது நீங்க" என்று மூச்சு வாங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பார்க்க வருகிறவர்கள் அதுவரை அவளிடம்தான் நேரே போவார்கள். எப்படி இருக்கே, சாப்பிட்டியா, தைரியமா இரு. நான் காப்பி கொண்டுவந்து வைக்கிறவன். தொட்டி வந்த பிறகு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். யார் செய்தது என்று கேட்டார்கள். அந்த வீட்டில் என்னால் நன்றாக இருக்கிற பொருள் ஒன்று இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவள் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. எவ்வளவு பார்த்தாலும் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் மோசமாகத்தான் போனாள்.

இன்வெர்ட்டர் மைத்துனன் வாங்கிக் கொடுத்தது. சின்னது, மெஷினையும் தொட்டியையும் சேர்த்து இழுக்காது. மெஷினின் பிளக்கில் அவனே சிவப்பு டேப் சுற்றினான். "இது அக்காவோட உயிர் மாமா. வேற எதையும் இதுல சொருகிடாதீங்க" என்றான். சரி என்றேன். அவசரத்துக்கு ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் இருந்தது. அது காலி. அந்த வாரம் தொட்டிக்குக் கடல் உப்பு வாங்கப் போனபோது, சிலிண்டர் நிரப்புகிற கடையைத் தாண்டித்தான் வந்தேன். இரண்டு கையிலும் உப்புப் பை இருந்தது.

சம்பவத்தன்று மதியம், கையைத் துடைத்த பிறகு வாசலுக்குப் போய் லைன்மேனைக் கேட்டேன். சாயங்காலம் ஆகிவிடும் என்றான். திரும்பி வந்தேன். அவள் மெஷின் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் பம்பு நின்று தண்ணீர் அசையாமல் கிடந்தது. காளான் பவளம் சுருங்கியிருந்தது. கோமாளி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மீன் மூச்சுக்குத் தவிப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மனது கேட்காது.

சிவப்பு டேப் சுற்றிய பிளக்கை உருவினேன். தொட்டியின் பிளக்கைச் சொருகினேன். கரண்ட் போனதும் மெஷினின் அலாரம் கூவியது, அதன் முதுகில் இருக்கிற ஸ்விட்சை அமர்த்தினேன். ஆம்புலன்சுக்கு நான்தான் போன் செய்தேன். எப்போது செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. காளான் பவளம் மறுபடி முழுதாக விரிந்த பிறகு செய்தேன்.

ஆகவே, இத்தனை வருஷம் லிஃப்ட் பார்த்தவன் பட்டப்பகலில் இரண்டு பிளக்கை மாற்றிப் போட்டுவிட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது. நான் எதையும் மாற்றிப் போடவில்லை.

அவளும் உங்களைப் போலத்தான் நினைத்தாள். அதுதான் எனக்கு வருத்தம். நான் கட்டிலுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் கத்தவில்லை, கையைக் காலை உதறவில்லை. என் தொழிலைப் பற்றி அவள் வைத்திருந்த மதிப்பு அவ்வளவுதான். நான் சங்கடப்பட்டுவிடக் கூடாது என்பது போல, விட்டு விட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"என்னங்க... பிளக் மாறிப்போச்சு பாருங்க... உங்களுக்குச் சிரமம்."