விடுதிக்காரரின் கயிறு

இந்த இரங்கல் கூட்ட மேடையில் வீற்றிருக்கும் சங்கப் பெரியோர்களே, படகோட்டித் தோழர்களே, வழிகாட்டிகளே, தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அண்ணியாரே! இவ்வளவுக்கும் பிறகு மாலையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் விடுதிக்காரர் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். பாதியில் எழுந்துவிடாதீர்கள். பேச்சில் உங்களுக்கும் பங்கு உண்டு.

நம் தீவு ஆற்றுவாயில் கிடக்கும் சின்னத் துண்டு நிலம். ஆனால் அக்கரைக் காட்டையும் முதலைகளையும் பார்க்க எந்தத் தேசத்தார் வந்தாலும் முதலில் கால் வைப்பது நம் படகுத்துறையில். அங்கே அவர்களைக் கைபிடித்து இறக்கியவர் யார்? சங்கத் தலைவர், துறைக் காவலர், நம் மெதுவண்ணன்! வேகமாக வரும் படகைப் பார்த்து "மெதுவா, மெதுவா" என்று கத்திக் கத்தியே அந்தப் பெயரை வாங்கியவர். முட்டைக்குக் காவலிருந்த தாய் முதலையைப் படம் பிடிக்க இன்னும் நெருங்கச் சொன்ன கூட்டத்திடம், "அவங்க வீட்டு வாசல்ல நிக்கிறோம், கொஞ்சம் அடக்கமா இருங்க" என்று சொல்லிப் படகைத் திருப்பியவர்.

துறையில் படகைக் கட்ட யார் கயிறு வீசினாலும் பிடிப்பார். காலையில் சண்டை போட்டவன் மாலையில் வந்தாலும் பிடிப்பார். பகையைக் கரையில் வைத்துக்கொள்ளலாம், கயிற்றில் காட்டக் கூடாது என்பார்.

விருந்தினர் கைதட்ட வேண்டும் என்று படகிலிருந்து இறைச்சி எறிந்து முதலைகளைத் துள்ள வைத்தாரே விடுதிக்காரர், அவரிடம் எத்தனை முறை கெஞ்சினார் அண்ணன்! காதில் போட்டுக்கொண்டாரா? பெருசுக்கு வேறு வேலையில்லை என்று சிரித்தார். படகுச் சத்தம் கேட்டாலே சாப்பாடு என்று முதலைகள் பழகிக்கொண்டன. படகின் பின்னாலேயே துறைவரை வந்தன. அன்று வந்தது விடுதிப் படகு. வீசியது விடுதிக் கயிறு. பிடிக்கக் குனிந்த அண்ணன் நிமிரவில்லை.

அதிகாரிகள் விபத்து என்று எழுதி முடித்தார்கள். முதலையைச் சுடத் துப்பாக்கியோடு வந்தார்கள். குறுக்கே நின்றவர் அண்ணியார். "அது பழகினதத்தான் செஞ்சுது. பழக்கினவர விட்டுட்டு இதையா சுடுவீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதிலை நாங்கள் சொல்கிறோம். அண்ணன் செய்த வேலை அத்தனையும் தொடரும். விடுதிக்காரரே, உங்கள் விருந்தினரையும் எங்கள் படகிலேயே பத்திரமாகக் கரைசேர்ப்போம். அவர்கள்மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் ஒன்றே ஒன்றில் அண்ணன் சொல்லை மீறப் போகிறோம். அண்ணா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை விடுதிப் படகு துறைக்கு வரும். கயிறு வீசுவார்கள். நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருப்போம், கையைக் கட்டிக்கொண்டு. கயிறு தண்ணீரில் விழும். எடுக்க வேண்டுமானால், விடுதிக்காரரே, நீங்களே வந்து குனியுங்கள்.