வேலாயி என்ற பெயரில் பாடப்பட்ட எழுபத்தொன்பது ஞாயிறுகள்

1957 செப்டெம்பர் 11, புதன்கிழமை, முற்பகல் 10.20. ஹட்டன் பொலிஸ் நிலையம்.

கணேசமூர்த்தி மகள் தனலெட்சுமி, வயது 44, மணமாகாதவள், பட்டதாரி ஆசிரியை, ஹட்டன் கடைவீதியில் தகப்பனாரின் துணிக்கடை மேல்மாடியில் குடியிருப்பவள். சிங்களவரான சார்ஜனுக்குத் தமிழ் எழுதத் தெரியாதபடியால் இதை நானே என் கையால் எழுதுகிறேன்.

ஹட்டனில் உள்ள ஏகதேவப் பிரார்த்தனை சபையில் 1938 முதல் ஆர்மோனியம் வாசித்துப் பாடகர் குழுவை நடத்தி வருகிறேன். கடவுள் ஒருவரே, இயேசுநாதர் மனிதராய் வாழ்ந்த நல்லாசிரியர் என்பது சபையின் கருத்து. ஆனால் பாட வருகிறவர்களிடம் என்ன நம்புகிறீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. குழுவினர் அனைவரும் சம்பளமின்றி வருகிறவர்கள், பெரும்பாலோர் மாரியம்மனைக் கும்பிடும் தோட்டத்துப் பெண்கள். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் பயிற்சி தொடங்கும்போது பெயர் கூப்பிட்டு, வந்தவருக்கு நேரே வரவு இடாப்பில் சரி அடையாளம் இடுவேன்.

வட்டவளைக்கு மேலுள்ள தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலாயி ஆரம்பம் முதல் கீழ்க்குரல் பாடினார். பெண்களில் அந்தக் குரல் அரிது. 1941 ஜனவரியில், மாமியாருக்குச் சுகமில்லை, இரண்டு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லி இந்தியாவில் உள்ள முசிறிக்குப் போனார். அதன்பின் 19ஆம் திகதி ஞாயிறன்று அவருடைய தங்கை பேச்சியம்மா அந்த இடத்தில் வந்து நின்றார். நான் இடாப்பில் புதுப்பெயர் எழுதப் போனபோது அவர் தடுத்தார். "அக்கா பேரை வெட்டிறாதீங்க டீச்சரம்மா. பேர் வெட்டுனா அப்புறம் எடம் கெடைக்காது. வர்றவரைக்கும் அக்கா பேரையே கூப்பிடுங்க, நான் இருக்கேங்கறேன்" என்றார். தோட்டத்தில் பெயர் வெட்டப்பட்டவருக்கு வேலையும் இல்லை, குடியிருக்க லயத்தில் அறையும் இல்லை. அந்தப் பயம் பாட்டுக்கும் வரும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. சம்மதித்தேன்.

அதன்பின் யுத்தத்தாலும், கப்பலேற அனுமதி கிடைக்காததாலும் வேலாயி 1942 ஆகஸ்டில்தான் திரும்பினார். இடையில் எண்பத்து மூன்று ஞாயிறுகள். நான்கில் மழையால் பயிற்சி இல்லை. மற்ற எழுபத்தொன்பதிலும் நான் வேலாயி என்று கூப்பிட்டேன், பேச்சியம்மா இருக்கேன் என்றார். ஆகஸ்டு 23 முதல் பேச்சியம்மாவின் பெயரைத் தனியே எழுதினேன். பழைய அடையாளங்களைத் திருத்தவில்லை.

அதன்பின் 1956 டிசம்பர் 9ஆம் திகதி வேலாயி என்னிடம் வந்தார். பிரஜாவுரிமை விண்ணப்ப விசாரணையில் 1939 முதல் 1945 வரை இலங்கையில் இருந்ததற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். தோட்டத்து ஆபீசில் அந்த வருடங்களின் வேலை வரவு எழுதிய செக்ரோலைக் கரையான் அரித்துவிட்டது. "நீங்க பேர் போட்ட புஸ்தகம் இருக்குல்ல டீச்சரம்மா?" என்று மட்டுமே கேட்டார். நான் இடாப்பைத் திறந்தேன். அவர் பெயருக்கு நேரே அடையாளங்கள் இடைவிடாமல் இருந்தன. அதைப் பார்த்து, ஏழு வருடமும் தொடர்ந்து வந்தார் என்று கடிதம் எழுதினேன்.

இந்த இடத்தில் இரண்டு வரிகளை வெட்டியிருக்கிறேன். வெட்டிய இடத்தில் சுருக்கொப்பம் இட்டுள்ளேன். வெட்டிய வரிகளில், முசிறிப் பயணத்தை மறந்து எழுதியதாகச் சொல்லியிருந்தேன். அது சரியல்ல. பாதிக் கடிதத்தில் நினைவு வந்தது. பேனாவை மையில் தோய்த்து, மீதியையும் எழுதினேன்.

அதன்பின் இவ்வருடம் ஜூன் மாதம் பேச்சியம்மா வந்தார். மற்ற வருடங்களுக்கு அவரிடம் தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இருந்தன. 1941 ஜனவரி முதல் 1942 ஆகஸ்டு வரை மட்டும் ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் அவர் என் முன்னால் நின்று பாடினார். அவருக்கும் ஒரு கடிதம் எழுதி, இடாப்பின் அதே பக்கங்களைக் குறிப்பிட்டேன். ஒரே அடையாளங்கள் இரண்டு பெண்களுக்குச் சாட்சியாகப் போனதைக் கண்ட பிரஜாவுரிமைக் கந்தோர், பொய்ச் சான்று என்று பொலிசுக்கு அறிவித்தது. பொலிசார் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள்.

அதன்பின் போன ஞாயிறு, பயிற்சி முடிந்து மற்றவர்கள் போனதும், சகோதரிகள் இருவரும் மண்டபத்தில் நின்றார்கள்.

பேச்சியம்மா, "அக்கா எடத்துல நின்னேன், சரி. அக்காவாவே ஆயிட்டேனா?" என்றார்.

"நீதானடி எம் பேரைக் கூப்பிடச் சொன்ன? அப்ப ஒம் பேரைச் சொல்ல வாய் இல்லையா?"

"வாய் இருந்துச்சு. அதுலதான் ஒம் பாட்டைப் பாடிக்கிட்டு இருந்தேன்."

வேலாயி என் பக்கம் திரும்பினார். "எனக்கு நாலு புள்ளைங்க, இவளுக்கு ரெண்டு. எண்ணிப் பாத்து எழுதுங்க டீச்சரம்மா" என்றார். நான் ஆர்மோனியத்தை மூடினேன். மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை.

மறுநாள் சபைச் செயலாளர் தம்பையா, "இடாப்பு தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துருங்கம்மா. ரெண்டு பேருக்கும் இல்லன்னு ஆயிரும், சண்டை ஓஞ்சிரும்" என்றார். இரண்டு நாள் அதையும் யோசித்தேன். இன்று காலை இடாப்பைக் கொண்டுவந்து சார்ஜனிடம் ஒப்படைத்தேன்.

அவர் இரு கடிதங்களையும் அருகருகே வைத்து, "டீச்சர் நோனா, ரெண்டு ஆளுக்கு ஒரு தொண்டையா? எந்த நோனா பொய் சொல்றது?" என்று சிங்களம் கலந்த தமிழில் கேட்டார். இதற்குப் பதில் எழுதுமுன் நான் மூன்று முறை எழுந்து தண்ணீர் குடித்ததை அவர் குறித்திருக்கிறார். அது சரி.

பொய் சொன்னது நான். 1956 டிசம்பர் 9ஆம் திகதிக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். எழுபத்தொன்பது நாட்களும் பேச்சியம்மாவுடையவை. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தவருக்குச் சட்டப்படி பிரஜாவுரிமை இல்லை என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். வேலாயிக்கு வாசிக்கத் தெரியாது. அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. தண்டனை உண்டானால் அது எனக்குரியது.

சகோதரிகள் இருவரும் காலை ரயிலில் வந்து, வெளி விறாந்தையில் ஒரே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தக் கடிதம் நிற்கும் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எழுதியதை முழுவதும் வாசித்தேன். யாரும் வற்புறுத்தவில்லை, மாற்றவோ சேர்க்கவோ எதுவும் இல்லை, எல்லாம் உண்மை. வேலாயியை உள்ளே கூப்பிட்டு வேறு யாரும் இதைச் சொல்ல வேண்டாம், நானே வெளியே போய் அவருக்கு வாசித்துக் காட்ட அனுமதிக்கும்படி கேட்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) க. தனலெட்சுமி