பிடுங்கக் காசு உண்டு, கட்ட இல்லை

வெர்னா: காபியைக் குடிச்சிட்டு அப்படியே நழுவிடக் கூடாது, சொல்லிட்டேன்!

ஓரின்: காபிக்குத்தானே வந்தேன் மேடம். வெளியில பனி கொல்லுது... இவ்வளவு நாற்காலி போட்டிருக்கீங்க, ஒரு ஆளைக் காணோமே?

வெர்னா: நீங்க வந்துட்டீங்களே. இது அரசாங்கம் ஜனங்க கருத்தைக் கேக்குற கூட்டம். யாரும் வராட்டியும் அஞ்சு மணி வரைக்கும் நான் உக்காந்திருக்கணும். ஏழைங்களுக்கான வைத்தியத் திட்டம் மெடிக்கெய்டுல ஒரு விதியை மாத்தணும்னாலும், வாஷிங்டனுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி மாநிலம் ஜனங்களைக் கேட்டாகணும்.

ஓரின்: நாற்காலிங்களைக் கேக்குறீங்களாக்கும்!

வெர்னா: கிண்டலா? போன தடவை அதுங்கதான் இருந்துச்சு. "யாருமே கேக்கலையே"ன்னு மேல இருக்கவங்க தூக்கிப் போட்டுட்டாங்க.

ஓரின்: எதை?

வெர்னா: பல்செட் கொடுக்குற யோசனையை. வசதி இல்லாதவங்களுக்குச் சொத்தைப் பல்லைப் பிடுங்க இந்த மாநிலம் காசு கொடுக்கும். பிடுங்கின இடத்துல பல்லு கட்டக் கொடுக்காது.

ஓரின்: அடேயப்பா, என்ன தாராள மனசு!

வெர்னா: இதையே அந்த மைக்குல சொல்லுங்களேன்.

ஓரின்: என் பல்லுக்கு என்ன கேடு? நீங்களே சொல்றதுதானே...

வெர்னா: சுகாதாரத் துறையில சம்பளம் வாங்குறவ இங்க கருத்து சொல்லக் கூடாது. இந்தத் தடவையும் யாரும் பேசலைன்னா அவ்வளவுதான், சார். தெரிஞ்சவங்க கதை ஏதாவது...

ஓரின்: ...இருக்கு ஒருத்தன். பேரைச் சொல்ல மாட்டேன்.

வெர்னா: உங்க பேர் போதும். ம், பேசுங்க. பதிவாகுது.

ஓரின்: ஓரின் ஹாஸ்கெல். சர்க்கரை ஆலையில வேலை. என் கூட்டாளி ஒருத்தன், வெல்டர். மேல்வரிசை முழுக்கப் பிடுங்கிட்டாங்க. வேலை கேட்டுப் போனா, அவன் வாயைத் திறந்ததும்... "சொல்லி அனுப்புறோம்"னுடறாங்க. இப்ப சூப்பைக் குடிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே கிடக்கான். தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு அக்கா கூப்பிட்டாக்கூட, ஷிஃப்டு இருக்குன்னு பொய் சொல்றான். எனக்கு வயிறு எரியுது. பல்லைக் கட்டிக் கொடுங்க. அவ்வளவுதான்.

வெர்னா: போதும், சார். நிறுத்துங்க.

ஓரின்: என்ன மேடம்? தப்பாப் பேசிட்டேனா?

வெர்னா: இல்ல, இல்ல... மைக்கை அணைச்சிட்டேன். என் தம்பியும் வெல்டர்தான்.

ஓரின்: ஓ.

வெர்னா: ரெண்டு வருஷமா அவனுக்கும் ஷிஃப்டு, ஷிஃப்டு. அம்மா வீட்டை நான் வித்துட்டேன்... அந்தக் கோபத்துல என் மூஞ்சியில முழிக்க மாட்டேங்குறான்னு நெனச்சேன். அவன் கோபம் அவனோடன்னு நானும் விட்டுட்டேன், பாவி.

ஓரின்: உங்க தம்பி க்ளைவுக்குக் கோபமெல்லாம் இல்லக்கா. அந்த வாயோட உங்க முன்னாடி வந்து நிக்க வெக்கம். "இன்னிக்கும் அக்கா தனியா உக்காந்திருக்கும், போய்ப் பேசிட்டு வாடா"ன்னு என்னை உள்ள தள்ளிவிட்டுட்டு, வாசல்ல என் வண்டியிலதான் உக்காந்திருக்கான்.